மண் கேட்கும் அளவு

நுழையும்முன்

பயிரைக் காக்க இடப்படும் சத்து, எந்த அளவைத் தாண்டினால் பயிரைக் கெடுக்கும் நஞ்சாகிறது? பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மக்காச்சோள வயல்களில் இடப்படும் துத்தநாகம், குறைந்தால் குருத்தை வெளுக்கச் செய்யும். மிகுந்தால் வேரைக் கருக்கும். அம்மிகை கால்நடையின் தீவனத்தில் நேருமானால் அதன் குருதியையும் தாக்கும். குறைவும் மிகையும் இலையில் ஏறத்தாழ ஒரே நிறத்தைக் காட்டுவதால் விளையும் மயக்கத்தையும், அம்மயக்கத்தைத் தீர்க்கும் வழியையும் இப்பாடம் விளக்குகிறது.

கடல் விட்டுச்சென்ற மண்

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. பன்னிரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது எனக் கருதப்படும் அக்கல்மரம், இப்பகுதியைக் கடல் மூடியிருந்த காலத்தின் சான்று. அதற்குக் கிழக்கே அரியலூர் மாவட்டத்தின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கடற்சிப்பிகளும், அம்மோனைட்டு எனப்படும் சுருள் ஓட்டு உயிரிகளும் புதைபடிவங்களாகக் கிடைக்கின்றன. வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் அவற்றை இன்றும் காணலாம். அக்கடல் உயிரிகளின் ஓடுகளும் கடலடிப் படிவுகளுமே காலப்போக்கில் சுண்ணாம்புக்கல்லாயின. அரியலூரில் சிமெண்டு ஆலைகள் பெருகியதற்கும் அதுவே காரணம்.

கடல் பின்வாங்கியது, அதன் சுண்ணம் மண்ணோடு தங்கியது. பெரம்பலூர், குன்னம், ஆலத்தூர் பகுதிகளில் பரந்து கிடக்கும் கரிசல் நிலத்தைத் தோண்டினால் வெண்ணிறச் சுண்ணாம்பு உருண்டைகள் கையில் தட்டுப்படும். உழவர் அவற்றைச் சுக்கான் கற்கள் என்பர். இக்கரிசல் ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஆற்றல் கொண்டது. மக்காச்சோளமும் பருத்தியும் செழித்து வளர ஏற்றது. தமிழகத்தில் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் மிகுதியாக விளையும் மாவட்டங்களுள் பெரம்பலூர் முன்னிற்பதற்கு இம்மண்ணும் ஒரு காரணம். ஆயினும், இம்மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. தன்னிடம் உள்ள துத்தநாகத்தை அது பயிருக்கு எளிதில் கொடுப்பதில்லை.

வெளுத்த குருத்து

துத்தநாகம் பயிருக்கு மிகச் சிறிய அளவிலேயே தேவைப்படும் நுண்ணூட்டச்சத்து. இலையின் உலர்ந்த எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் இருந்தாலே பெரும்பாலான பயிர்களுக்குப் போதுமானது. அச்சிறு அளவைக் கொண்டு பயிர் செய்துகொள்ளும் வேலைகளோ பல. புரதம் உருவாதல், வளர்ச்சியைத் தூண்டும் ஆக்சின் உண்டாதல், நூற்றுக்கணக்கான நொதிகள் இயங்குதல் ஆகியவை துத்தநாகம் இல்லாமல் நிகழா.

இது கிட்டாதபோது மக்காச்சோளத்தின் இளங்குருத்து வெளுக்கிறது. நடுநரம்பின் இருபுறமும் வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் பட்டைகள் ஓடுகின்றன. கணுவிடை குறுகிப் பயிர் குட்டையாக நின்றுவிடுகிறது. நெல்லில் இக்குறை, இலைமேல் துருநிறப் புள்ளிகளாக வெளிப்படும். வட இந்தியாவின் தராய்ப் பகுதி உழவர் அதனைக் ‘கைரா’ நோய் என்றனர். அது கிருமியால் வந்த நோய் அன்று, துத்தநாகக் குறைவால் வந்தது என்பதை 1960களில் பந்த்நகர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஒய். எல். நேனே கண்டறிந்தார். நோய் எனக் கருதி மருந்து தெளித்தவர்கள், அது பசி என்பதை அதன்பின்னரே உணர்ந்தனர்.

கரிசலில் இப்பசி ஏன் நேர்கிறது? மண்ணின் கார அமில நிலை 7 என்பது நடுநிலை. அதற்கு மேல் காரம், கீழ் அமிலம். சுண்ணம் மிகுந்த கரிசலில் இவ்வெண் 8-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கும். அந்நிலை ஓர் அலகு உயரும்போது, மண்நீரில் கரைந்து நிற்கும் துத்தநாகம் கோட்பாட்டளவில் நூறில் ஒரு பங்காகக் குறைகிறது. எஞ்சியது சுண்ணத்தின் மீதும் களித்துகள்களின் மீதும் ஒட்டிக்கொண்டு அசையாது கிடக்கும். டி.ஏ.பி. முதலிய மணிச்சத்து உரங்களை அளவின்றி இடுவதும் பயிர் துத்தநாகத்தைப் பயன்படுத்துவதைத் தடுக்கும். மண்ணில் பொருள் இருந்தும் பயிருக்கு அது எட்டாத நிலை இது.

தமிழகத்தில் ஆய்வு செய்யப்பட்ட மண் மாதிரிகளில் அறுபது விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் துத்தநாகம் பற்றாக்குறையாக உள்ளது. இந்திய அளவில் இது மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். பயிருக்குக் கிட்டும் துத்தநாகம் மண்ணில் ஒரு கிலோவுக்கு 1.2 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் அதனைப் பற்றாக்குறை எனத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வரையறுத்துள்ளது. எனவே எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இடுவது பொதுப் பரிந்துரையாயிற்று. ‘ஜிங்க் சல்பேட்’ என்பது இன்று கரிசல்காட்டு உழவர் அனைவரும் அறிந்த பெயர்.

தெரியுமா?

துத்தநாகத்தைப் பெருமளவில் வடித்தெடுத்த மிகப் பழைய உலைகளின் எச்சங்கள், இராசசுத்தானின் உதய்ப்பூர் அருகே ஜாவர் என்னும் இடத்தில் உள்ளன. சூடேற்றியவுடன் ஆவியாகிவிடும் இவ்வுலோகத்தை, மூடிய மண்குடுவைகளில் வைத்து ஆவியைக் குளிர்வித்துப் பிடிக்கும் நுட்பத்தை அங்கு வாழ்ந்தோர் அறிந்திருந்தனர். ஐரோப்பாவில் செருமானிய வேதியியலாளர் மார்கிராஃப் 1746ஆம் ஆண்டில்தான் இதனைத் தனி உலோகமாகப் பிரித்துக் காட்டினார். தாமிரத்தோடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளையாகும். சித்த மருத்துவத்தில் இது நாகம் என வழங்கப்படும். பலமுறை தூய்மை செய்த பின்னரே மருந்தாகும்.

ஒரு மூட்டையின் கணக்கு

பற்றாக்குறையே பெரிதும் காணப்படும் மண்ணில் மிகையைப் பற்றிப் பேசவேண்டிய தேவை என்ன என்னும் ஐயம் எழலாம். அதற்கு ஒரு கணக்கு விடை தரும்.

துத்தநாக சல்பேட்டின் ஒரு வகையில் துத்தநாகம் 21 விழுக்காடு உள்ளது. அவ்வகையில் 25 கிலோ இட்டால் நிலத்தில் சேர்வது ஐந்தேகால் கிலோ துத்தநாகம். ஒரு போக மக்காச்சோளம் தட்டையும் மணியுமாக வயலிலிருந்து எடுத்துச்செல்வது அரைக் கிலோவுக்கும் குறைவு. எஞ்சிய ஏறத்தாழ நாலேமுக்கால் கிலோ மண்ணிலேயே தங்கும். தழைச்சத்து ஆவியாகலாம், மழைநீரோடு கீழிறங்கலாம். துத்தநாகமோ உலோகம். அது ஆவியாவதில்லை, மட்குவதில்லை, சுண்ண மண்ணில் நீரோடு வெளியேறுவதும் மிகச் சிறிதே.

ஓர் எக்டேரின் மேல்மண், பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்திற்கு ஏறத்தாழ 22 இலட்சம் கிலோ எடையுள்ளது. அவ்வகையில் ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ மண்ணுக்கு இரண்டு மில்லிகிராமுக்குச் சற்று மேல் துத்தநாகம் சேர்கிறது. ஆண்டுக்கு இரு போகம் வீதம் பத்தாண்டுகள் ஆய்வின்றி இட்டால் சேர்வது நாற்பது மில்லிகிராமுக்கு மேல். உலகின் மண்வகைகளில் இயற்கையாக உள்ள மொத்தத் துத்தநாகம் ஒரு கிலோவுக்குச் சராசரியாக 50 முதல் 70 மில்லிகிராம் வரைதான். மண் உருவான நெடுங்காலத்தில் சேர்ந்த அளவோடு ஒப்பிடத்தக்க அளவைப் பத்தே ஆண்டுகளில் சேர்த்துவிட முடியும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

கணக்கைப் பிறழச் செய்யும் வேறு வழிகளும் உள்ளன. துத்தநாக சல்பேட்டின் இன்னொரு வகையில் துத்தநாகம் 33 விழுக்காடு இருக்கும். மூட்டையின் மேல் அச்சிட்டுள்ள விழுக்காட்டைப் பாராமல் அதே 25 கிலோவை இடுபவர், ஐந்தேகால் கிலோவுக்கு மாறாக எட்டேகால் கிலோ துத்தநாகத்தை இட்டுவிடுகிறார். கோழித் தீவனத்தில் துத்தநாகம் சேர்க்கப்படுவதால் கோழி எருவில் அது மாட்டெருவைவிட மிகுதி. சின்ன வெங்காயத்தின் இலைநோய்களுக்குத் தெளிக்கப்படும் மேன்கோசெப் என்னும் பூசணக்கொல்லியிலும் துத்தநாகம் ஒரு கூறு. இவை ஒவ்வொன்றும் சிறிதே. ஆயினும் ஒன்றின் மேல் ஒன்றாக இடும் கைக்கு மொத்த அளவு தெரிவதில்லை.

ஒரே நிறம், இரு நோய்

துத்தநாகம் மிகும்போது முதலில் பாதிக்கப்படுவது கண்ணுக்குத் தெரியாத வேர். வேர்நுனியின் செல்பிரிதல் தடைப்படும். நீண்டு கிளைக்கவேண்டிய வேர் குட்டையாகித் தடித்துப் பழுப்பேறும். வேர் குறுகினால் பயிர் நீருக்கும் பிற சத்துகளுக்கும் தவிக்கும்.

அடுத்த விளைவு இலையில் தோன்றும். துத்தநாக அயனியும் இரும்பு அயனியும் ஏறத்தாழ ஒரே அளவின; இரண்டிற்கும் ஒரே மின்சுமை. எனவே வேரின் நுழைவாயிலில் இரண்டும் போட்டியிடுகின்றன. துத்தநாகம் திரண்டு நிற்கும்போது இரும்பும் மாங்கனீசும் பின்தள்ளப்படுகின்றன. பச்சையம் உருவாவதற்கு இரும்பு இன்றியமையாதது. அது கிட்டாத இளந்தளிர், நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க மஞ்சளாகிறது. மணிச்சத்தின் ஓட்டமும் குன்றுவதால் சில பயிர்களின் இலைகளில் செந்நீலம் படரும். இலையின் உலர் எடையில் கிலோவுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களில் விளைச்சல் வீழும்.

இங்குதான் உழவரின் கண்ணை ஏமாற்றும் மயக்கம் பிறக்கிறது. துத்தநாகம் குறைந்தாலும் இளங்குருத்து வெளுக்கும். துத்தநாகம் மிகுந்தாலும் இளந்தளிர் மஞ்சளாகும். சுண்ணக் கரிசலில் இரும்பு இயல்பாகவே கட்டுண்டு கிடப்பதால் துத்தநாகத்திற்குத் தொடர்பில்லாமலும் அதே மஞ்சள் தோன்றலாம். மஞ்சளைக் கண்டவுடன் ‘ஜிங்க் குறைவு’ எனத் தீர்மானித்து மேலும் ஒரு மூட்டை இடுபவர், இரும்புக்கு ஏங்கும் பயிரின் முன் அதன் போட்டியாளனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். மஞ்சள் கூடுகிறது. கூடிய மஞ்சளைக் கண்டு அடுத்த மூட்டை வருகிறது. பணமும் பயிரும் ஒருங்கே வீணாகின்றன.

ஒரே மாவட்டம், இரு மண்

கரிசலின் சுண்ணம் துத்தநாகத்தைப் பயிருக்குக் கொடாமல் பிடித்துவைக்கிறது என்பது மேலே கூறப்பட்டது. அதே பிடிப்பு, மிகையாக இடப்பட்ட துத்தநாகத்தையும் ஓரளவு கட்டிவைத்துப் பயிரைக் காக்கிறது. கரிசலில் மிகையின் கேடு உடனே தோன்றாமைக்கு இதுவே காரணம். குறைவை உண்டாக்கும் சுண்ணமே மிகைக்கு வேலியாகவும் நிற்கிறது.

அரியலூர் மாவட்டத்தின் கிழக்கே செயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் சென்றால் நிலத்தின் நிறம் மாறும். அங்கே முந்திரிக் காடுகள் நிற்கும் செம்மண். மணற்பாங்கான அம்மண்ணில் சுண்ணம் குறைவு, களியும் குறைவு. துத்தநாகத்தைக் கட்டிவைக்கும் வேலி அங்கு உயரமன்று. மண்ணின் கார அமில நிலை 8-லிருந்து 6-க்கு இறங்கினால், மேற்கூறிய கணக்கின்படி, கரைந்து நிற்கும் துத்தநாகம் பல்லாயிரம் மடங்கு கூடக்கூடும். கரிசலில் பசி தீர்க்கும் அதே மூட்டை, அமிலத்தன்மையுள்ள மணற்செம்மண்ணில் வேரைக் கருக்கும் சுமையாகலாம். நிலக்கடலை இதற்கு மிகவும் மென்மையான பயிர். துத்தநாகம் மிகுந்த அமில மண்ணில் அதன் தண்டு பிளவுபட்டுச் செடி குன்றிவிடும்.

குன்னத்து உழவருக்குப் பலன் தந்த அளவை, ஆண்டிமடத்து உழவர் அப்படியே பின்பற்றுதல் தகாது. நிலத்தைத் திணைகளாக வகுத்து, அந்தந்த நிலத்திற்குரிய பயிரையும் தொழிலையும் அறிந்த மரபு தமிழருடையது. செம்மண்ணுக்கும் கரிசலுக்கும் ஒரே அளவு உரம் இடுவது அம்மரபறிவுக்குப் பொருந்தாது.

மண்ணுயிரும் நீருயிரும்

பயிருக்கு முன்பே மிகையை உணர்வன மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள். உளுந்து, நிலக்கடலை ஆகியவற்றின் வேர்முடிச்சுகளில் தங்கிக் காற்றின் தழைச்சத்தை மண்ணுக்குச் சேர்க்கும் ரைசோபியம் பாக்டீரியா, மிகுந்த துத்தநாகத்தைத் தாங்காது. முடிச்சுகள் குறைந்தால் உழவர் யூரியாவைக் கூட்டவேண்டி வரும். உலோக ஆலைகளின் அருகே துத்தநாகம் படிந்த நிலங்களில் மண்புழுக்கள் அருகிப்போனதும், உதிர்ந்த இலைகள் மட்காமல் அடுக்கடுக்காகத் தங்கியதும் ஆய்வுகளில் பதிவாகியுள்ளன.

நீரில் மீனின் செவுள் துத்தநாகத்தின் முதல் இலக்கு. கால்சியத்தை உள்வாங்கும் செவுள்வழியே துத்தநாகம் நுழைந்து, கால்சியத்தின் இடத்தைப் பறிக்கிறது. மிகையளவில் செவுளின் மென்படலம் சிதைய, நீரில் உயிர்வளி இருந்தும் மீன் மூச்சுத் திணறி இறக்கும். இங்கும் சுண்ணத்தின் காவல் உண்டு. சுண்ணம் கரைந்த கடினநீரில் இந்நஞ்சு தணிகிறது, மென்னீரில் கடுமையாகிறது. எனவே துத்தநாகப் பூச்சுத் தொழிற்கூடங்களின் கழிவுநீரோ, தெளிப்பான்களைக் கழுவிய நீரோ ஏரியில் கலவாமல் காத்தல் வேண்டும்.

கொட்டிலில் ஒரு வாளி

கால்நடைக்கும் துத்தநாகம் வேண்டும். தீவனத்தில் ஒரு கிலோவுக்கு முப்பது முதல் ஐம்பது மில்லிகிராம் வரை இருந்தால் மாட்டிற்குப் போதும். இது குறைந்தால் தோல் தடித்து வெடிக்கும், குளம்பு நலிவுறும், புண் ஆறத் தாமதமாகும். கால்நடை மருத்துவர்கள் தாது உப்புக் கலவையைப் பரிந்துரைப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

மிகுந்தால் நேர்வது வேறு வகைக் கேடு. குடற்செல்களில் மெட்டலோதயோனின் என்னும் புரதம் உள்ளது. துத்தநாகம் மிகும்போது அதனைக் கட்டுப்படுத்த அப்புரதம் பெருகுகிறது. ஆனால், அப்புரதம் துத்தநாகத்தைவிடத் தாமிரத்தையே இறுகப் பற்றும். குடற்செல்கள் சில நாட்களில் இயல்பாக உதிரும்போது, அவற்றில் சிக்கிய தாமிரமும் சாணத்தோடு வெளியேறிவிடுகிறது. தாமிரம் இன்றேல் உடல் இரும்பைப் பயன்படுத்தமுடியாது. குருதிச் சோகை தோன்றும். இவ்வாறு துத்தநாகம் செடியில் இரும்பைத் தடுக்கிறது; விலங்கில் தாமிரத்தைப் பறிக்கிறது. ஓர் உலோகத்தின் மிகை வேறோர் உலோகத்தின் பஞ்சமாக வெளிப்படுகிறது.

தீவனம் உண்ணாமை, கழிச்சல், மெலிவு, கணையச் சிதைவு ஆகியவை பிற அறிகுறிகள். சினை ஆடுகளுக்கு மிகை நேர்ந்தால் குட்டிகள் வலுவின்றிப் பிறக்கும். மாடு தாங்கும் அளவைச் செம்மறி ஆடு தாங்காது. தீவனத்தில் கிலோவுக்கு மாட்டிற்கு 500 மில்லிகிராமும் செம்மறிக்கு 300 மில்லிகிராமும் பொறுக்கத்தக்க உச்ச அளவுகளாகக் கொள்ளப்படுகின்றன. மாட்டிற்கான தாது உப்புக் கலவையை ஆட்டுக்குக் கண்ணளவாக அள்ளிவைத்தல் கூடாது. வயலுக்கு வாங்கிய துத்தநாக சல்பேட்டு மூட்டையைக் கொட்டிலில் வைப்பதும் தகாது. உப்பு என நினைத்து நக்கும் ஆடு அதனை உரம் என்று அறியாது.

இன்னொரு வழி அன்றாடப் பழக்கத்தில் மறைந்துள்ளது. இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க வாளிகளுக்கும் தொட்டிகளுக்கும் துத்தநாகப் பூச்சு இடப்படுகிறது. நல்ல நீர் வைக்க அவை ஏற்றவை. புளித்த கழுநீர், மோர், பழைய கஞ்சி ஆகியவற்றை அவற்றில் இரவு முழுதும் வைத்தால் அவற்றின் அமிலம் பூச்சைக் கரைக்கும். அவ்வாறு வைத்த புளித்த உணவையும் பானத்தையும் உட்கொண்டு மனிதர் வாந்தியும் வயிற்றுவலியும் உற்ற நிகழ்வுகள் மருத்துவ நூல்களில் உள்ளன. கழுநீருக்குக் கல்தொட்டியையும் மோருக்கு மண்கலத்தையும் பயன்படுத்திய பழைய வழக்கம் இவ்வகையில் பாதுகாப்பானது.

தெரியுமா?

1960களின் தொடக்கத்தில் ஈரானின் ஷிராஸ் நகரில் பணியாற்றிய இந்திய மருத்துவர் ஆனந்த பிரசாத், வளர்ச்சி குன்றிய இளைஞர்களை ஆராய்ந்து, மனிதருக்கும் துத்தநாகக் குறைவு நேரும் என்பதை முதலில் எடுத்துரைத்தார். பின்னர், மிகையளவு துத்தநாகத்தை நெடுநாள் உட்கொள்வோருக்குத் தாமிரக் குறைவு நேர்வதையும் அவர் பங்கேற்ற ஆய்வுகள் காட்டின. உடலில் தாமிரம் தேங்கும் வில்சன் நோய்க்குத் துத்தநாகம் மருந்தாவது இக்காரணத்தாலேயே. நலமுடைய பெரியவர் நாளொன்றுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் துத்தநாகம் உட்கொள்ளலாகாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு.

ஒரு மலையின் பாடம்

மண்ணில் துத்தநாகம் எல்லை கடந்தால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துப் பால்மர்ட்டன் நகர் சான்றாகும். அங்கு 1898இல் துத்தநாக உருக்காலை தொடங்கப்பட்டது. 1980 வரை உருக்கும் பணி நடைபெற்றது. ஆலைப்புகையோடு வெளியேறிய துத்தநாகமும் காட்மியமும் அருகிலிருந்த நீலமலைச் சரிவில் படிந்தன. காடு அழிந்தது, விதை விழுந்தாலும் முளை வேரூன்றவில்லை, மட்கச்செய்யும் நுண்ணுயிரிகள் குறைந்ததால் பட்ட மரங்கள் மட்காமல் கிடந்தன. ஏறத்தாழ 2000 ஏக்கர் சரிவு மொட்டையாயிற்று. சுற்றுவட்டாரத்தில் மேய்ந்த குதிரைக்குட்டிகள் மூட்டு வீங்கி நொண்டின. 1983இல் அவ்விடம், உடனடியாகத் தூய்மை செய்யப்படவேண்டிய நச்சுநிலங்களின் தேசியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சுண்ணமும் எருவும் கலந்து தூவி, உலோகம் தாங்கும் புற்களை விதைத்து, அம்மலையில் பசுமையை மீட்கும் பணி பல்லாண்டுகள் தொடர்ந்தது. அரியலூர் மண்ணில் இயற்கை தந்த சுண்ணத்தை, அங்கு மனிதர் கொண்டுசென்று தூவவேண்டியிருந்தது.

துத்தநாகத்தைத் தாங்கும் செடிகளும் உண்டு. பிரிட்டனில் துத்தநாகப் பூச்சுள்ள உயர்மின் கோபுரங்களின் அடியில், மழைநீர் கரைத்துச் சொட்டிய உலோகத்தைத் தாங்கும் புல்வகைகள் சில பத்தாண்டுகளிலேயே உருவாகியிருந்ததை 1980களில் ஆய்வாளர் கண்டனர். புல் இவ்வாறு மாறக்கூடும். விதைத்த பருவத்திலேயே விளைச்சலை எதிர்நோக்கும் உழவர், பயிர் அவ்வாறு மாறும்வரை காத்திருக்க இயலாது.

கால்நடை வளர்ப்பிலும் உலகம் பாடம் கற்றுள்ளது. பன்றிக்குட்டிகளின் கழிச்சலைத் தடுக்கத் துத்தநாக ஆக்சைடை மருந்தளவில் மிகுதியாகத் தீவனத்தில் கலப்பது ஐரோப்பாவில் வழக்கமாக இருந்தது. உண்டதில் பெரும்பகுதி சாணத்தோடு வயலுக்குச் சென்று தேங்கியதை உணர்ந்த ஐரோப்பிய ஒன்றியம், 2022ஆம் ஆண்டு சூன் திங்கள் முதல் அவ்வழக்கத்தை முற்றிலும் நிறுத்தியது.

அளவறியும் வழி

குறைவையும் மிகையையும் கண் பிரித்தறியாது, ஆய்வே பிரித்தறியும். 2015இல் நடுவணரசு தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பன்னிரண்டு கூறுகள் ஆராயப்படுகின்றன. கார அமில நிலை, துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு ஆகியவை அவற்றுள் அடங்கும். பெரம்பலூர் மாவட்டத்தில் வாலிகண்டபுரத்திலும் அரியலூர் மாவட்டத்தில் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் மையங்கள் இயங்குகின்றன. வேப்பந்தட்டையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் உள்ளது. வேளாண்மைத் துறை அலுவலர்களும் வழிகாட்டுவர்.

மண் மாதிரி எடுப்பதிலும் முறை உண்டு. வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் மேற்பரப்பின் சருகை நீக்கி, ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்திற்குக் குழி வெட்டவேண்டும். குழியின் பக்கத்து மண்ணைச் சீராகச் சுரண்டிச் சேர்த்து, கலந்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பகுதிகளைக் கழித்து, இறுதியில் அரைக் கிலோ எடுக்கவேண்டும். எருக்குழி, வரப்பு, மரநிழல் ஆகிய இடங்களைத் தவிர்த்தல் நன்று. நுண்ணூட்டம் அறியவேண்டுமெனில் இரும்பு பட்ட மண்ணை மரக்குச்சியால் சுரண்டி விலக்குவர். துத்தநாகப் பூச்சுள்ள வாளியில் மண்ணைச் சேர்த்தால், வாளியின் துத்தநாகமும் கலந்து ஆய்வின் விடை பொய்த்துவிடும்.

ஆய்வில் பற்றாக்குறை தெரிந்தால் மட்டும், பரிந்துரைத்த அளவை மணலுடன் கலந்து தூவலாம். டி.ஏ.பி. போன்ற மணிச்சத்து உரத்தோடு அதனைக் கலத்தல் ஆகாது. ஒருமுறை இட்டதன் பயன் அடுத்த ஓரிரு போகங்களுக்கும் தொடரும். ஆகவே போகந்தோறும் இடத் தேவையில்லை. பசுந்தாள் உரமோ ஊட்டமேற்றிய தொழுஉரமோ இட்ட நிலத்திற்கு நெற்பயிரில் 25 கிலோவுக்கு மாறாகப் பன்னிரண்டரைக் கிலோவே போதும் எனப் பல்கலைக்கழகம் கூறுகிறது. நின்ற பயிரில் குறைவு தெரிந்தால் அரை விழுக்காட்டுக் கரைசலை இலைவழித் தெளிப்பது சிக்கனமான வழி. ஆய்வில் போதிய அளவு எனத் தெரிந்தால் அப்பருவத்தில் மூட்டையைப் பிரிக்காதிருப்பதே பயிர்ப்பாதுகாப்பு. அப்போதும் இலை மஞ்சளானால் இரும்புக் குறைவு உள்ளதா என முதலில் ஆராய்தல் வேண்டும்.

உணவுக்கும் உடலுக்கும் அளவு வகுத்துக் கூற ‘மருந்து’ என ஓர் அதிகாரத்தையே அமைத்தார் வள்ளுவர். அவ்வளவு நெறி மண்ணுக்கும் பொருந்தும். குறைவை அடுத்த பருவத்தில் நிரப்பிவிடலாம். மிகையாகச் சேர்ந்த உலோகத்தைத் திரும்ப எடுப்பது அரிது. ஒரு தலைமுறை இட்டதை அடுத்த தலைமுறையே சுமக்கும். விதைப்புக்கு முன் உரக்கடைக்குச் செல்லும் உழவர், அதற்கும் முன்பாக அரைக் கிலோ மண்ணோடு ஆய்வகத்திற்குச் சென்றுவருவது அச்சுமையைத் தவிர்க்கும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் உள்ள நிலங்களின் மண்வகைகளை நேரில் கண்டு, அங்கு விளையும் பயிர்களையும் இடப்படும் உரங்களையும் அட்டவணைப்படுத்துக.

2. உழவர் ஒருவரின் மண்வள அட்டையைப் பெற்று, அதில் துத்தநாகம், இரும்பு, கார அமில நிலை ஆகியவற்றிற்குக் குறிக்கப்பட்டுள்ள அளவுகளைக் குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. உரக்கடைக்குச் சென்று, துத்தநாக சல்பேட்டு மூட்டைகளில் அச்சிடப்பட்டுள்ள சத்து விழுக்காட்டைக் குறித்துவந்து, 25 கிலோவில் உள்ள துத்தநாகத்தின் எடையைக் கணக்கிடுக.

4. “சுண்ணமே குறைவுக்குக் காரணம், சுண்ணமே மிகைக்கு வேலி” – பாடப்பகுதியைச் சான்றாகக் கொண்டு விளக்குக.

5. மஞ்சளான பயிரைக் கண்டு கவலையுறும் உழவருக்கும் வேளாண் அலுவலருக்கும் இடையே நிகழும் உரையாடலை எழுதுக.